இரும்பு எரியும், அக்கா

மேற்கு ஜெர்மனியில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நான் விஞ்ஞானியாக இருக்கிறேன். சரி, பொய். விஞ்ஞானிகளின் உலையைக் கழுவுகிறவன் நான். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியவன். அந்த ஓட்டம் ரைன் நதிக்கரையில்தான் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாதது குளிரோ ரொட்டியோ இல்லை. இவர்கள் இரும்பை உளுந்து மாதிரி தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். நம் ஊரில் இரும்பை நனைய விட்டால் திட்டு விழும். இங்கே காய விட்டால் விழும்.

அது கறுப்பான இரும்புத் தூள். அதன் வேலையை எங்கள் டாக்டரம்மா (ஊசி போடாத டாக்டர்) கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நைட்ரஜன் உள்ள சரக்கு ஒன்று. அதன்மேல், ஆல்கஹாலிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு துண்டை ஒட்டவைக்க வேண்டும். ஆல்கைல் என்று அதற்குப் பெயர். சாயத்துக்கும் மருந்துக்கும் போகிற சரக்காம். சும்மா கலந்தால் இரண்டும் முகம் கொடுத்துப் பேசாது. இரும்பின்மேல் வந்து உட்கார்ந்தால்தான் ஒட்டும். ஒட்டியதும் எழுந்து போய்விடும். இரும்பு அப்படியே அடுத்த ஜோடிக்குக் காத்திருக்கும்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தாய்மாமன் மடி. தோடு ஏறுவது குழந்தையின் காதில், ஆனால் மடி இல்லாமல் ஏறாது. இதைச் சொல்ல வார்த்தை இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து மடியைத் தட்டி, காதில் குத்துவது போலக் காட்டினேன். எனக்குக் காதுவலி என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டார்.

மடி நினைப்பிலேயே நான் இருந்ததற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலையில் என் அக்கா சரசாவின் மகளுக்குக் காது குத்த வேண்டும். அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நான். வழியனுப்பக் குழந்தையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்த அக்கா, கார்த்திகைக்கு மலைமேல் எரிந்த தீபக் கொப்பரையின் மையை ஒரு பொட்டலமாகக் கட்டி என் சட்டைப் பையில் திணித்தாள்.

"டெய்லி நெத்தியில வெச்சுக்கடா. நீ வந்து மடியில வெச்சாதான் இவளுக்குத் தோடு. அதுவரைக்கும் மூளிக்காதுதான், சொல்லிட்டேன்."

ஒருவழியாக லீவு கிடைத்தபோது பொட்டலம் தீர்ந்திருந்தது. வெறும் நெற்றியோடு விமானம் ஏறப் பயம். உலையில் வேலை முடிந்த இரும்பு, வடிகட்டித் துணியில் சேறாகப் படிந்திருந்தது. பார்த்தால் அசல் தீப மை. கட்டைவிரலால் எடுத்து இட்டுக்கொண்டேன். கூட வேலை செய்யும் கீழ்பென்னாத்தூர் ஏழுமலை பார்த்துவிட்டான்.

"இன்னாடா, லாரிக்கு அடியில பூந்து வந்தியா?"

"சாமி மைடா."

"எந்த சாமி, ஒர்க்‌ஷாப் சாமியா?"

"நெத்தி லேசா சுடுதுடா. சக்தி இருக்குது."

"சக்தி இல்ல, சனி. போய் கழுவு."

கழுவினேன். ஆனால் ஒரு உருண்டையைத் துணியில் சுற்றி, லாக்கரில் பாஸ்போர்ட்டுக்குள் செருகி வைத்தேன். பாஸ்போர்ட்டும் என்னோடு ஊருக்கு வர வேண்டியதுதானே, அதற்கும் கொஞ்சம் அருள் இருக்கட்டும் என்று. உலைக்குள் போய் வந்த இரும்பு, ஈரம் வற்றிக் காற்றுப் பட்டால் தானே கனன்று எரியும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருக்கிறார். ஜெர்மனில் சொன்னார். நான் "யா, யா" என்றேன். ஞாயிறு கழித்து வந்து லாக்கரைத் திறந்தேன். உள்ளே ஒரு குட்டிக் கார்த்திகை நடந்து முடிந்து, மை மட்டும் மிச்சமிருந்தது.

பாஸ்போர்ட்டோடு இங்கே தங்குவதற்கான முத்திரையும் போயிற்று. புதியது வர வேண்டுமானால், நான் யாரென்று ஊரில் விசாரித்து அங்கிருந்து எழுத வேண்டும். அதுவரை எங்கும் நகர முடியாது. மலையைச் சுற்றி வந்த கால் இப்போது சாயங்காலத்தில் கம்பெனியின் கம்பிவேலியைச் சுற்றுகிறது. ட்ரங்க் கால் போட்டு அக்காவிடம் சொன்னேன்.

"பாஸ்போர்ட்டு எரிஞ்சு போச்சுக்கா. இரும்பு எரிச்சிடுச்சு."

"இரும்பு எங்கனாச்சும் எரியுமாடா?"

"எரியும்க்கா. காஞ்சா எரியும்."

"சின்ன வயசுலேந்து நீ வுட்ட டூப்பு கம்மியா? நானும் சிரிச்சினே இருந்தேன். வர இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லேன்டா."

நான் அவளிடம் கலப்படமில்லாமல் சொன்ன உண்மை அநேகமாக அது ஒன்றுதான்.

போன வாரம் போட்டோ வந்தது. அக்கா புருஷனின் மடியில் என் பழைய கட்டம்போட்ட சட்டையை விரித்து, அதன்மேல் குழந்தையை உட்காரவைத்திருக்கிறார்கள். சட்டையின் கை இரண்டும் அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள். தெரிகிற காதில் புதுத் தோடு. இன்னொரு காது தெரியவில்லை.

ஏழுமலை வாங்கிப் பார்த்தான். "அந்தப் பக்கத்துக் காத உனக்குன்னு வுட்டு வெச்சிருப்பாங்கடா, அழாத."

"யார்றா அழறான்?"

அவன் போன பிறகு போட்டோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்தச் சட்டைக்கு ஒரு கதை உண்டு. அதை நான் கடைசியாகப் போட்டுக்கொண்டு தேரடித் தெருவில் அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கி...

மேஸ்திரி கூப்பிடுகிறான். இரும்பு காய்கிறதாம். யா, யா, வந்துட்டேன்.