மகளின் இடத்தை நான் வேண்டாமென்று சொன்ன நாள்

எட்டு ஆண்டுகளுக்கு முன், மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு மத்தியான வேளையில் நான் செய்த போனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்போது என் மகளுக்கு வயது முப்பத்து நான்கு. திருமணம் அமையவில்லை. மகன் குடும்பத்தோடு வெளியூரில். மனைவி இறந்தபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்கு டெக்னீஷியன் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டியபிறகுதான் வீடு. பள்ளியில் வேதியியலில் கெட்டிக்காரி. பார்மசி படிக்க வேண்டும் என்று அப்போதே கேட்டாள். அவள் அண்ணனின் படிப்புச் செலவுக்கே என் அரசாங்க குமாஸ்தா சம்பளம் போதவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றேன். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

அதனால்தான், இத்தனை காலம் கழித்து அவள் மறுபடியும் படிக்கப் போவதாகச் சொன்னதும், "முதல் வருஷக் கட்டணம் என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். மற்ற ஆண்டுகளுக்குக் கல்விக் கடன் என்று ஏற்பாடு. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. வேலைக்கு இடையில் அவளுக்கு நேரமில்லை என்று விண்ணப்பம், விசாரணை எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன். முன்பணமும் என் கணக்கிலிருந்துதான் போனது.

பணம் போன மறுநாளே பயம் பிடித்துக்கொண்டது. கோப்பிக் கடையில் என் கூட்டாளிகள் வேறு விடவில்லை.

"என்னண்ணே, பிள்ளைக்கு நாப்பது வயசுல பட்டமளிப்பா? மாலையோட ஒரு மூக்குக்கண்ணாடியும் வாங்கி வெச்சிருங்க லா!"

"பார்மசி முடிச்சதுங்களே வேலை இல்லாம வாடகைக் காரு ஓட்டுதுங்களாம். கேள்விப்படலையா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. மாதம் தவறாமல் வரும் சம்பளத்தை விட்டுவிட்டுக் கடன்காரியாக நிற்கப் போகிறாள். நான் எழுபதைத் தாண்டியவன், இதய நோயாளி. நாளைக்கு நான் போய்விட்டால் இவளுக்கு யார் என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். அவளுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைத்திருந்த சேமிப்பு கரைந்துவிடுமே என்பது மீதிப் பாதி.

ஒரு மத்தியானம் அவள் வேலையில் இருந்தபோது கல்லூரிக்குப் போன் செய்தேன். "மகள் மனசை மாத்திக்கிட்டா. இடம் வேண்டாம். முன்பணம் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டேன். பேசியது ஒரு தமிழ்ப் பெண். காத்திருப்புப் பட்டியலில் ஆட்கள் இருக்கிறார்கள், பணத்தைப் பற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பிறகு, "அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா அங்கிள்?" என்றாள். வேலை நேரத்தில் மகளால் போன் எடுக்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம் என்று மகளிடம் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம்.

அன்று இரவு மகள் வந்தபோது கையில் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம், அக்குளில் ஒரு பார்சல்.

"அப்பா, வேலையை விடறதா சாயந்திரம் நோட்டீஸ் கொடுத்துட்டேன்" என்றாள்.

அவள் பார்சலைப் பிரித்தாள். ஆய்வுக்கூடத்தில் போடும் வெள்ளைக் கோட்டு. கூட வேலை செய்பவர்கள் இந்த நாளுக்கென்று முன்பே சேர்ந்து வாங்கி வைத்திருந்ததாம். அந்தத் தொழிற்சாலையில் தூசி படாமலிருக்க உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பில் மூடிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். "இத்தன வருஷமா வெள்ளையிலதான் நின்னே, இனிமேலாவது மூக்கு வாய் வெளிய தெரியட்டும்னு கிண்டல் பண்றாங்க பா" என்று சிரித்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். புகழ்ந்து ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறாள் என நினைத்தேன்.

"நல்லா இருக்கும்மா" என்றேன். தயாராக வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை.

மறுநாள் அவள் பஸ் ஏறியதும் நான் அக்கரை போகும் ஃபெரிக் கப்பலுக்கு ஓடினேன். வேலையும் போய், இடமும் போயிருந்தால்? அந்தக் கடலைக் கடக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கல்லூரி அலுவலகம் திறக்குமுன் வாசலில் நின்றேன். போனில் பேசிய அந்தப் பெண் வந்ததும், "நேத்து தப்பா சொல்லிட்டேன்மா, இடத்தை எடுத்துடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவள் பதறிப் போய் என்னை உட்காரச் சொன்னாள். "இடம் அப்படியேதான் இருக்கு அங்கிள். படிக்கிறவங்க வாயால சொல்லாம நாங்க எடுக்க மாட்டோம். நேத்தே அக்காவோட நம்பருக்குப் போட்டேன். டீ நேரத்துல எடுத்தாங்க."

"என்ன சொன்னா?"

"அப்பா பயந்துட்டாரு, வேற ஒண்ணுமில்லன்னாங்க. அவர் கட்டின பணத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துடுங்க, நான் கட்டிக்கிறேன்னாங்க."

அப்படியென்றால் எல்லாம் தெரிந்தபிறகுதான் அவள் நோட்டீஸ் கொடுத்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் எனக்கும் சேர்த்து மீ கோரேங் வாங்கி வந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றிருக்கிறாள்.

பணம் என் கணக்குக்குத் திரும்பியது. அந்தப் பணத்தைப் பற்றி மட்டும் நான் பேச்செடுத்தபோது, "வெச்சுக்குங்க பா, உங்க ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும்" என்றாள், அவ்வளவுதான். முதல் கட்டணத்துக்குத் தோழி ஒருத்தி தன் சீட்டுப் பணத்தை எடுக்கும் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். பிறகு கடன் வாங்கினாள், ஓய்வு நாட்களில் மட்டும் ஓட்டிய தன் சின்னக் காரை விற்றாள், சனி ஞாயிறுகளில் ஒரு மருந்துக் கடையில் நின்றாள். கட்டணம் கட்டும் காலம் வந்தால் சமையலறையில் யாரிடமாவது பணம் கேட்டு மெதுவாகப் போனில் பேசுவாள். இந்தத் தடவையாவது என்னிடம் கேட்பாளா என்று நான் கூடத்தில் காது கொடுத்து உட்கார்ந்திருப்பேன். கேட்டதே இல்லை. நானாக நீட்டினாலும் "வேணாம் பா" என்பாள், கோபமே இல்லாமல்.

இன்று அவள் பார்மசிஸ்ட். என் இதய மாத்திரைகளை அவள் வேலை செய்யும் கடையில்தான் வாங்குகிறேன். மற்ற முதியவர்களுக்குச் சொல்லும் அதே பொறுமையோடு எது காலையில், எது இரவில் என்று எனக்கும் சொல்லி அனுப்புகிறாள். அவள் என்னை எப்போதோ மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தும், அந்தப் போனைப் பற்றி அவளிடம் நானே வாய் திறந்து சொல்லாதவரை அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு வரவில்லை என்றே அந்தக் கடைவாசலில் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.