நெஞ்சு போச்சு என்றவர்

ஆரோக்கியசாமி அண்ணன் போன வாரம் ஹைதராபாத் மல்காஜ்கிரியில் தம் வீட்டில், தூக்கத்திலேயே காலமானார். மகள் ஷீலாதான் போன் செய்தார். "அங்கிள், டாடி நோ மோர்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் பல வருடம் என் கூட்டாளியாக இருந்தவர் அவர். என்னை ஏமாற்றியவரும் அவர்தான். இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது எனக்கு வராது.

நான் தேனியிலிருந்து வெறுங்கையோடு ஹைதராபாத் வந்தவன். அவர் இங்கேயே பிறந்த ரயில்வே குடும்பம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கொஞ்சம் தற்பெருமை. வண்டி பார்க்கப் போனால் கையில் கிரீஸ் பட விடமாட்டார். "கை அழுக்காறது மெக்கானிக்குக்கு தம்பி. எனக்குக் காதும் கால் கட்டைவிரலும் போதும்" என்பார்.

பெருமை பேசினாலும் ஆள் சரக்குள்ளவர். பழைய வண்டி விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒரே குறைதான்: சிக்னலில் நின்றுபோகிறது, மிதித்தால் இழுக்கவில்லை. அண்ணன் ஏசியைப் போட்டுச் சும்மா நிற்க வைத்துக் கேட்பார். பிறகு மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். இறங்கியதும் ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைக் கைக்குட்டையால் பிடித்துத் திறப்பார். அங்கே குபுகுபுவென்று புகை வந்தால் இன்ஜினே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், பெரிய செலவு. புகை இல்லாமல் மேட்டில் மட்டும் திணறினால் பெட்ரோல் வரும் வழியில் எங்கோ அடைப்பு, சின்னச் செலவு. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நோய் போலத்தான் இருக்கும். எங்கள் லாபமே அந்த வித்தியாசத்தில்தான்.

அதை விற்பவர் எதிரில் எப்படிப் பேசுவது? தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று முதலில் தைரியமாக இருந்தோம். லோத்குண்டாவில் ஒரு ராணுவ அதிகாரி வீட்டில், "சின்னச் செலவுதாண்ணே, விலையை அடிச்சுப் பேசலாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரியின் மனைவி கதவருகே வந்தார். "அடிச்சுப் பேசுறதுக்கு முன்னாடி காபி குடிக்கிறீங்களா?" என்றார். தஞ்சாவூர்க்காரர். அண்ணன் காபியைக் குடித்துவிட்டுத்தான் ஓடி வந்தார்.

அதன் பிறகு வண்டிக்கு அவர் கண்டுபிடித்த ரகசியப் பெயர்தான் சித்தப்பா. நான், "சித்தப்பா உடம்பு எப்படிண்ணே?" என்று கேட்பேன். "சளிதான், கசாயம் போதும்" என்றால் வாங்கலாம். "நெஞ்சு போச்சு" என்றால் கிளம்ப வேண்டியதுதான். ஒருமுறை விற்பவர் பதறிப்போய், "நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டி எங்கேயும் ஓடிடாது" என்றார். "ஓடாதுங்க, அதுதான் பிரச்சினை" என்று அண்ணன் முகம் மாறாமல் சொன்னார்.

அந்தச் சொல்லை நம்பி எத்தனையோ வண்டி வாங்கினேன், எத்தனையோ விட்டேன். எந்த முறையும் நான் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும்.

பிறகு அந்த வெள்ளைக் கார் வந்தது. அதே லோத்குண்டா, ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ஒரே ஆள் ஓட்டிய வண்டி. மேட்டில் திணறியது. அண்ணன் மூடியைத் திறந்தபோது அவர் முதுகு எனக்கு அதை மறைத்தது.

"சித்தப்பா எப்படிண்ணே?"

"நெஞ்சு போச்சு தம்பி. நக்கோ."

வேண்டாம் என்று அவர் சொன்னபின் எனக்கு வேறு பேச்சில்லை. விட்டுவிட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல இனிப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அதே வெள்ளைக் கார், பின்கதவில் அதே நசுங்கல். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா பிழைச்சுட்டாராண்ணே?"

துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "பம்புல அடைப்புதான். எனக்குன்னு ஒரு வண்டி வேணும்னு தோணுச்சு தம்பி."

"கேட்டிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேனே."

"ஹவ். அதுக்குத்தான் கேக்கல."

அந்த 'ஆமாம்' இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. வண்டி போனது போகட்டும். எங்கள் இருவருக்கு மட்டும் என்று இருந்த சொல்லை என் மீதே பிரயோகித்தார். அன்று அவர் மனைவி மேரி அக்கா தந்த கேக்கைத் தின்றுவிட்டு வந்தேன். அத்தோடு கூட்டும் முடிந்தது. அதன் பிறகு அவர் நேராகச் சொன்னவற்றைக்கூட ஒவ்வொன்றாக எடுத்து, இதுவாவது உண்மையா என்று பார்க்கத் தொடங்கினேன். எனக்கு உண்மையான நஷ்டம் அதுதான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார்கள். "தம்பி, இந்த வண்டி மறுபடி சிக்னல்ல நின்னுபோகுது, இழுக்கவும் மாட்டேங்குது. இன்ஜின் போச்சு, காயலான் கடையில போடுங்கன்னு ஷீலா சொல்றா. நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரி."

அதே வெள்ளைக் காரை ஓட்டிப் பார்த்தேன். ரயில்வே பாலத்து ஏற்றத்தில் திணறியது. திரும்பி வந்து, இன்ஜினை ஓட விட்டு, நானே ஆயில் மூடியைத் திறந்தேன். புகை இல்லை. பக்கத்தில் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு என்று மிச்சமிருப்பது அந்த வண்டியும் கொஞ்சம் சேமிப்பும். நான் ஒரு பொய் சொன்னால் கார் எனக்கு வந்துவிடும். அண்ணன் கணக்கும் நேராகிவிடும். ஆசை வரவில்லை என்று சொல்லமாட்டேன்.

"இன்ஜின் நல்லா இருக்குக்கா. பெட்ரோல் பம்பு பக்கம்தான் கோளாறு. நல்ல விலைக்குப் போகும்."

அக்கா பானெட்டை மெல்ல இறக்கி மூடினார்கள். பிறகு, "அவரு உன்கிட்ட பொய் சொல்லி வாங்கினது எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார்கள். ஆக, கேக் வெட்டித் தந்த கைக்கும் தெரிந்திருக்கிறது.

போய் வாருங்கள் அண்ணே. உங்கள் காது போல ஒரு காது எனக்கு இனிக் கிடைக்காது. உங்களை மன்னித்தேனா என்று கேட்டால், இன்னும் இல்லை.

அக்காவோடு பேசி முடித்தது இது: பம்பு மாற்றும் செலவை இப்போது நான் போடுவேன், விற்றபின் கழித்துக்கொள்வேன். வாங்குகிறவர் வரும்போது அக்காவும் கூட இருப்பார்கள். செலவும் கமிஷனும் போக மீதி விலை முழுதும் அவர்களுக்கு. எனக்கு மற்றவர்களிடம் வாங்கும் அதே கமிஷன், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறைவும் இல்லை.