தேவகி இறுக்கிவைத்த ஸ்பிரிங்

இல்லை, கார் அவள்மேல் விழவில்லை. கல்லூரியில் உங்களில் பலர் இதையே கேட்டுவிட்டீர்கள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அப்போது அவள் கட்டிலில் படுத்திருந்தாள். கார் வெளியே, இரும்பு ஸ்டாண்டுகள்மேல், அசையாமல் நின்றது. தேவகியைத் தெரிந்தவர்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும். காருக்கு அடியில் சாகிற ஆள் அல்ல அவள்.

ஞாயிறு காலை அவள் தம்பி சிவா கூப்பிட்டான். நான் பழைய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தேன். கிள்ளானில் அவள் வீட்டுக்குப் போவதாக இருந்தது. முந்தின மாலை தேவகி போனில் சொல்லியிருந்தாள்: "தலை வலிக்குது மலர். கார்ல முன்னால வலது பக்க ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு இறுக்கிட்டேன். பழைய அப்சாபரையும் எடுத்துட்டேன். அப்படியே இருக்கட்டும். நாளைக்கு நீ வா, ரெண்டு பேரா முடிச்சிரலாம்."

சரி என்றேன். டாக்டரைப் பார் என்று சொல்லவில்லை. தலைவலி யாருக்கு வராது.

"அக்கா இல்லக்கா" என்றான் சிவா. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விடியறப்போ..." பிறகு, "காரு வேற நடுவுல நிக்குது" என்றான். இரண்டையும் ஒரே குரலில் சொன்னான். அவனுக்கு வேறு குரல் வரவில்லை.

அவளும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். அவள் கணக்குப் பிரிவு. நான் இலக்கியம் நடத்துகிறேன். இருவருக்கும் வீடு கிள்ளானில்; அங்கிருந்து ஃபெடரல் ஹைவே வழியாக ஒரே காரில் வருவோம், ஒரு வாரம் அவள் கார், ஒரு வாரம் என் கார். நான் பாட்டுப் போடுவேன். அவள் அணைப்பாள். "சும்மா இரு. கீழ டொக்குன்னு ஒரு சத்தம். கேக்குதா?" எனக்கு ஒன்றும் கேட்காது. அடுத்த மேட்டில் கேட்கும்.

ஏன் வொர்க்‌ஷாப்புக்குப் போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தாள். "போனேன். போர்மேன் என்னைப் பாக்கவே இல்ல. நான் கேக்குற கேள்விக்கெல்லாம் சிவாவைப் பாத்துப் பதில் சொல்றாரு. இவனா, காருக்கு எத்தனை டயருன்னு கேட்டாலே யோசிப்பான்."

போன வருடம் என் காருக்கு இதே அப்சாபர் மாற்றும் வேலையைச் சேர்ந்து செய்தோம். இருவருக்கும் முதல் முறை. வழிகாட்டிப் புத்தகத்தை நான் வாசிப்பேன், அவள் திருகுவாள். ஒரு வரி வாசித்தால் போதும், கையை உயர்த்துவாள். இன்னொரு முறை வாசி. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாயா? வைத்தேன். போய்ப் பார். போய்ப் பார்ப்பேன். "ஜாக்கு தூக்கறதுக்குத்தான். தாங்கறதுக்கு ஸ்டாண்டு." நான் பொறுமை இழந்தபோது சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "அவசரம்னா கிராப் டாக்சி கூப்பிடு. இங்க உக்காராதே."

முன்சக்கரத்தில், குலுக்கலைத் தாங்கும் அப்சாபர் குழாயைச் சுற்றித்தான் ஸ்பிரிங் இருக்கும். அதைக் கழற்ற வேண்டுமானால், இரண்டு பக்கமும் கிளாம்ப் மாட்டி, இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு என்று ஸ்பிரிங்கைச் சமமாக நெருக்க வேண்டும். நெருக்கிய ஸ்பிரிங் சும்மாதான் கிடக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளாம்ப் வழுக்கினால் ஸ்பிரிங் தெறித்து எலும்பை முறிக்கும். முகத்தில் பட்டால் அவ்வளவுதான். அன்று முழுக்க அவள் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருந்தாள். "முனைக்கு நேரா நிக்காதே. அதுக்கு உன்னைத் தெரியாது."

நான் போனபோது வீட்டு வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசை வீடு. ஒரு கார் அளவுக்குப் போர்ச். அதை நிறைத்துக்கொண்டு அவள் கார், வலது முன்சக்கரம் இல்லாமல். உடல் உள்ளே வந்துவிட்டது, பின்வாசல் சந்து வழியாக. அன்று மாலையே தகனம். பெட்டி முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று அவள் பெரியப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார்.

"வேன் வர்றதுக்குள்ள காரை எறக்கித் தள்ளிருங்கடா."

"அங்கிள், அந்தப் பக்கம் தாங்க ஒண்ணும் இல்ல. எறக்கினா அப்படியே உக்காந்துரும்" என்றேன்.

"எட்டு ஆம்பளைங்க இருக்கோம். தூக்கி வெச்சிரலாம் லா."

"வழுக்கினா யாரு காலு அங்கிள்?"

பெரியப்பா குனிந்து அந்தப் பக்கம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. எந்த வொர்க்‌ஷாப்பும் திறந்திருக்கவில்லை.

வேலையை முடித்தால்தான் காரை இறக்க முடியும். நான் ஸ்பிரிங்கைத் தேடினேன். செருப்புக் குவியலுக்கு அருகில் இல்லை. சுவரோரம் இல்லை. காரின் மறுபக்கம் சிவா குந்தியிருந்தான். கையில் ஸ்பேனர். முன்னால் ஸ்பிரிங். ஒரு பக்கக் கிளாம்பைப் பாதிக்கு மேல் தளர்த்தியிருந்தான். ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைந்து, வாழைப்பழம்போல் இருந்தது. அதன் முனைக்கு நேரே குனிந்திருந்தது அவன் முகம்.

"இதைக் கழட்டி ஸ்டோர்ல போட்டுரலாம்னு..."

"சிவா. ஸ்பேனரை விடு. இழுக்காதே, அப்படியே விடு. பக்கவாட்டுல நகரு."

"என்னக்கா?"

"நகரு."

நகர்ந்தான். மறு முனைக்கு நேரே, நான்கு அடி தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருங்கள் என்றேன். யாரும் எழவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"சாவு வீட்டுல வந்து ரிப்பேர் பாக்குது பாரு" என்றாள் ஒருத்தி.

"எந்திரிம்மா" என்றார் பெரியப்பா. "அவ விட்ட வேலை அது." நாற்காலிகளை அவரே இழுத்துப் போட்டார். பிறகு வாசல் கேட் அருகே போய்க் கையை விரித்து நின்றுகொண்டார். வருபவர்களை எல்லாம் சுவரோரமாக அனுப்பினார்.

சிவா உள்ளே போய் அவள் கட்டிலில் இருந்த தடித்த போர்வையைக் கொண்டுவந்தான். ஸ்பிரிங்மேல் போட்டோம். அது தடுக்காது. கொஞ்சம் வேகத்தைக் குறைக்கலாம்.

நான் வாசிப்பவள். ஸ்பிரிங்கில் ஒருமுறைகூடத் திருகியதில்லை.

பக்கவாட்டில் மண்டியிட்டேன். தளர்ந்த பக்கத்தை மறுபடி இறுக்கக் கால் திருகு. நிறுத்தினேன். பார்த்தேன். இன்னும் கால் திருகு. உள்ளே தேவாரம் ஓதத் தொடங்கியிருந்தார்கள். டிக் என்று ஒரு சத்தம். கிளாம்பின் கொக்கி ஸ்பிரிங் கம்பியில் கொஞ்சம் நகர்ந்தது. கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. எனக்கு அந்த நேரத்தில் அவள்மேல் கோபம் வந்தது. ஏன் இதை இப்படி விட்டுப் போனாய். எழுந்து வா. வந்து என்னை நகர்த்து.

கொக்கி மேலும் நகரவில்லை. கால் திருகு. கால் திருகு. வளைவு மெல்ல நிமிர்ந்தது.

மீதி வேலை நீளமானது, ஆனால் தெரிந்தது. அவள் வாங்கி வைத்திருந்த புதிய அப்சாபரை ஸ்பிரிங்குக்குள் விட்டோம். ஸ்பிரிங்கின் கீழ் முனை அப்சாபரின் தட்டில் அதற்கான பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உட்கார்ந்தது. மேல் மூடியை வைத்து நட்டை முழுக்க இறுக்கினேன். அதன் பிறகுதான் கிளாம்புகளைத் தளர்த்தினேன், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கடைசித் திருகில் கிளாம்ப் தானாகவே தரையில் விழுந்தது. சிவா அப்போதுதான் அழுதான்.

காரில் பொருத்தினோம். சக்கரத்தை மாட்டினோம். இறக்கினோம். சிவா ஸ்டீயரிங்கைப் பிடிக்க, பெரியப்பாவும் மற்றவர்களும் காரைச் சாலைக்குத் தள்ளினார்கள். வேன் வந்தபோது போர்ச் காலியாக இருந்தது. பெட்டி நேராக வெளியே போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. என் கையில் கிரீஸ் இருந்ததால் நெருங்கிப் போய் அவளைத் தொடவும் இல்லை.

கிளாம்புகளைச் சிவாவே வைத்துக்கொண்டான். எனக்கு அவளிடமிருந்து மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். எதையும் திருகுவதற்கு முன் தலையைத் தூக்கி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். வகுப்பில் கடுமையாக எதையாவது சொல்லப் போகும்போதும் பார்க்கிறேன்.

அப்சாபரை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், சிவாவோடு இடது பக்கத்தையும் மாற்றினேன்.