ஆடினால் போச்சு

சித்தூர் சாலையில் பங்காருவின் ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பலகை வைக்கிறவன் தொழில் தெரியாதவன் என்பது அவர் கட்சி. பவர் ஸ்டீயரிங் கையாலாகாதவனுக்கு, ஏசி சோம்பேறிக்கு, கம்ப்யூட்டர் வைத்துப் பழுது பார்க்கிறவனுக்குக் காது செவிடு. 1991இல் ரேணிகுண்டாவின் லாரி ஷெட் ஒன்றிலிருந்து ஒரு பெட்டி ஸ்பானரோடும் மனைவி கெங்கம்மாளோடும் திருத்தணியில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு பதினைந்து வருடங்களில் யாரையும் அவர் பாராட்டியதாகத் தகவல் இல்லை. கெங்கம்மாளின் குழம்பையும் சேர்த்துத்தான்.

அவருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தது. அவர் கை வைத்து வெளியே போன எந்த வண்டியும் கயிறு கட்டித் திரும்பி வந்ததில்லை. நெல் லாரி, மலைக்கு ஆள் ஏற்றும் அம்பாசிடர், பள்ளிப்பட்டு மினிபஸ், எதுவும். கயிறு என்பதையே அவர் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோலச் சொல்வார்.

2006இல் கே.ஜி.கண்டிகை சின்னசாமி, நெடுஞ்சாலை ஓரத்து வேர்க்கடலை நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றார். மகன் அருண்பாண்டியன் சென்னைக்குப் போய் ஒரு பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரோடு திரும்பினான். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, மஞ்சள் நிறம். ஏறுவது கிணற்றில் இறங்குவதுபோல இருக்கும். கண்டிகையின் ஒவ்வொரு வேகத்தடையும் அதன் வயிற்றைக் கீறி அனுப்பியது. நாலாம் மாதம் கிளட்சை மிதித்தால் கிறீச்சென்றது, கியர் போட்டால் இழுக்கவில்லை. பங்காருவிடம் கொண்டுவந்து விட்டான்.

கியர்பாக்ஸை இறக்கினார். கிளட்ச் பிளேட் கருகியிருந்தது. ரிலீஸ் பேரிங் காய்ந்து கிடந்தது. காலை எந்நேரமும் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டுகிறவன் வண்டி வேறு எப்படி இருக்கும்? அதற்குப் பின்னால் இருந்த ஃப்ளைவீல்தான் அவருக்குப் புதிது. லாரியில் அது ஒரே இரும்பு வட்டம். இதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டங்கள், நடுவில் ஸ்பிரிங்குகள். மேல் வட்டத்தைப் பிடித்துத் திருகினார். ஆடியது.

பங்காருவின் தொழிலில் ஒரே சட்டம்தான். ஆடினால் போச்சு. கிங்பின் ஆடினால் போச்சு, புஷ் ஆடினால் போச்சு. அந்தச் சட்டத்தை வைத்து ஊரின் பாதி டாக்ஸிகளை அவர் ஓய்வுக்கு அனுப்பியிருக்கிறார். இன்னொரு தடவை திருகிப் பார்க்கவில்லை.

பக்கத்து டீக்கடை ஜெயம்மாளும் அவள் வாடிக்கையாளர்கள் நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் கூடினால் பங்காருவுக்கு நாக்கு நீளும்.

"பாத்துக்கோ நைனா," என்றார் அருணிடம். "ஒரு சக்கரத்த ரெண்டாக்கி நடுவுல ஸ்பிரிங்க வெச்சிகிறான் வெள்ளைக்காரன். பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி வூடு மாதிரி கீது. ஆடுதா இல்லையா?"

"ஆடுதுண்ணா."

"ஆடுனா போச்சு."

அருண் சென்னைக் கடை ஒன்றுக்கு போன் போட்டுப் பேசினான். இதே ரெட்டைச் சக்கரம் புதிதாக வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம். ஒற்றைச் சக்கரம் கடையிலேயே இருக்கிறது, பந்தயக்காரர்கள் போடுவது, நாளைக்கே அனுப்பலாம். ஒன்பதாம் நாள் கிருத்திகை. அன்றைக்கு வண்டி மலையேறிப் பூஜை போட வேண்டும் என்று சின்னசாமி வேண்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா ரோட்ல ஓட்டறதுக்கு ரெட்டைதான் நல்லதுன்றாருண்ணா அந்தக் கடக்காரு," என்றான் அருண். "ஒத்தை போட்டா சத்தம் வருமாம். மெதுவா எடுக்கசொல்ல ஆஃப் ஆவுமாம்."

"அவன் மெக்கானிக்கா, மளிகைக்கடையா? அம்பாசிடர்ல ஒத்தை. லாரில ஒத்தை. உங்க நைனா டிராக்டர்ல ஒத்தை. எது ஆஃப் ஆயி நின்னுகினு கீது? ஒத்தைய வரவை."

வந்தது. பெட்டியைப் பிரித்து ஒரே கையால் தூக்கினார். கை அப்படியே நின்றது. அம்பாசிடர் ஃப்ளைவீலைத் தூக்க இரண்டு கையும் முருகன் பெயரும் வேண்டும். கால் தடுமாறும்போது இன்ஜினை நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டு போவது அந்தக் கனம்தான். இது அலுமினியத் தாம்பாளம்போல இருந்தது. கைக்குத் தெரிந்துவிட்டது. வாய் ஏற்கெனவே பேசிவிட்டது. டீக்கடையில் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டினார்.

ஸ்டார்ட் செய்ததும் கூழாங்கல் போட்ட சொம்பைக் குலுக்குவதுபோல கியர்பாக்ஸ் சத்தம் போட்டது. பார்க்க வந்திருந்த சின்னசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னாபா இது, என் டிராக்டர் சத்தம் வருது? இதுக்கா நெலத்த வித்தேன்?"

"ரேஸ் வண்டி அப்டித்தான் கத்தும்," என்றார் பங்காரு.

கழற்றிப் போட்ட ரெட்டைச் சக்கரத்தை ஜெயம்மாள் கேட்டு வாங்கித் தண்ணீர் டிரம்முக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கிருத்திகை அன்று காலை அருண் பயந்துபோய் பங்காருவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னான். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். பின்னால் டிராக்டரில் சின்னசாமியும் சொந்தக்காரர்களும், மாலை, தேங்காய், எலுமிச்சையோடு. மலைப்பாதையின் முதல் வளைவிலேயே வரிசை நின்றுவிட்டது. முன்னால் காவடிகள். பத்தடி போய் நிற்க வேண்டும், மறுபடி பத்தடி. அருண் கிளட்சை விட்டான். இன்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி நின்றது. ஆக்சிலரேட்டரை அழுத்தி எடுத்தால் வண்டி துள்ளும், துள்ளினால் காவடிக்காரன் கால் மேல்.

மொட்டையில் சந்தனம் பூசிய ஒரு கிழவி ஜன்னலில் குனிந்தாள். "தம்பி, எறங்கி நடங்க. சாமி பாக்கறதுக்குள்ள நட சாத்திடுவாங்க."

"திருப்பிடலாமா நைனா?" என்று அருண் பின்னால் பார்த்துக் கேட்டான்.

"பூஜைக்கு ஏறுன வண்டிய பாதில திருப்பக் கூடாது," என்று டிராக்டரிலிருந்து சின்னசாமி கத்தினார். "அது ஆவாது. ஏறு."

பங்காரு இறங்கி, அருணைத் தள்ளிவிட்டு, தானே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அரைக் கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். அவர் காலுக்கும் இரண்டு தடவை நின்றது. மூன்றாவது வளைவில் பிளேட் கருகும் நாற்றம் சாம்பிராணியை மிஞ்சியது. நாலாவது வளைவில் இன்ஜின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை.

பிறகு அதைக் காவடிக் கூட்டம் தள்ளியது. "அரோகரா, அரோகரா" என்று ஐம்பது கைகள் ஸ்போர்ட்ஸ் காரை மலைமேல் ஏற்றின. உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, நேராகப் பார்த்துக்கொண்டு, பங்காரு. மேலே ஸ்கந்தகுமார் குருக்கள் மாலை சாற்றி, கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணி எடுங்கோ."

"அதுவாப் போவும் சாமி," என்றார் பங்காரு. ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். வண்டி சரிவில் தானாக உருண்டு எலுமிச்சைகளை நசுக்கியது. இன்ஜின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அப்படியே இறங்கி வந்த வண்டி, அடிவாரத்தில் பாதை சமமானதும் நின்றுவிட்டது. சின்னசாமி டிராக்டரிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து பங்காருவைப் பார்த்தார். கட்டட்டுமா என்று கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

"கட்டுங்க," என்றார் பங்காரு.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, மாலை போட்ட மஞ்சள் வண்டியில் கயிற்றின் நுனியில் அவர் வந்து சேர்ந்தார். ஜெயம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"இன்னா பங்காரு, கயிறா?"

"ஆங். கயிறுதான்."

இறங்கி நேராக அவள் டிரம்மைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடியில் இருந்த சக்கரத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனார். பெஞ்சில் இறுக்கி, கம்பியைக் கொடுத்து நெம்பினார். மேல் வட்டம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. கம்பியை விட்டார். வட்டம் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. மறுபடி நெம்பினார், மறுபடி வந்தது. தேய்ந்தது போனால் போனதுதான், திரும்பாது. இன்ஜின் கொடுக்கும் உதறலை ஸ்பிரிங் வாங்கிக்கொள்வதற்காகவே வெள்ளைக்காரன் இதை ஆடும்படி செய்திருக்கிறான். அன்றைக்குக் கெட்டிருந்தது பேரிங்கும் பிளேட்டும் மட்டும்தான்.

மூன்றாம் நாள் அருண் வந்தபோது புது பிளேட் போட்டு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதா என்று தெரியாமல் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தான்.

"புதுசு வந்துடுச்சாண்ணா ஜெர்மனிலருந்து?"

"உன்னுதுதான் நைனா. நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியல." கையைத் துணியில் துடைத்தார். டீக்கடைப் பக்கம் பார்த்து, அவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். "எனக்குத்தான் தெரியல."

டீக்கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பதினைந்து வருடமாக அவர் வாயில் அப்படி ஒன்றைக் கேட்டு அவர்களுக்குப் பழக்கம் இல்லை. அருண் கதவைத் திறந்து உள்ளே இறங்கினான்.

பங்காரு ஜன்னலில் குனிந்தார்.

"அந்தக் கால எடு கிளட்ச் மேலருந்து. அது காலா, அம்மிக்கல்லா?"