றவூப் இறங்கிய இடம்

றவூப்புக்கு நீந்தத் தெரியாது. முல்லைத்தீவில் பிறந்து, 1990இல், பதினொரு வயதில், வடக்கின் மற்ற முஸ்லிம்களைப்போலக் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் இருபது வருடம் வேலை செய்தவர். 2013இல் ஊர் திரும்பியபோது, அந்த ஹோட்டல் கழித்துவிட்ட மஞ்சள் கயாக் ஒன்றை, ஒருவர் இருந்து வலிக்கும் சின்னப் படகை, லொறியில் ஏற்றி வந்தார். அதன் அடியில் இரண்டு ஒட்டுகள்.

அவருக்குப் பலசரக்குக் கடை. விடிந்ததும், கடை திறக்குமுன், கடலை ஒட்டிய நந்திக்கடல் களப்பில் தூண்டில் போடுவார். களப்பில் வலை போடும் இடங்கள் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டவை. அவருக்கென்று ஓர் இடமும் இல்லை. ஆகவே யாரும் போகாத இடங்களைத் தேடினார். புது இடம் என்றால் முந்தின நாளே என்னிடம் ஆழம் கேட்பார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நீர்மட்டம் பதிந்து ஓய்வுபெற்ற நான், ஒவ்வோர் ஆவணியிலும் களப்பை மூங்கிலால் அளந்து எழுதி வந்தேன். தண்ணீர் நெஞ்சுக்கு மேல் என்றால் அவர் போகமாட்டார். அப்படிப் பயந்து பயந்தே பதினேழு இடங்களைக் கண்டுபிடித்திருந்தார்.

"பல்லி விழுந்தாலே கதிரையில ஏறுற மனுசன், தண்ணிக்குள்ள என்ன செய்யுதாம்?" என்று மனைவி மஸீனா கேலி செய்வா.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. மழையில் களப்பு நிரம்பி வயல்களுக்குள் ஏறியிருந்தது. கடல்வாயை மூடிய மணல்மேட்டை வெட்டிவிட முடிவாகி, கமக்காரர் சங்கத்திலும் மீனவர் சங்கத்திலும் அறிவித்திருந்தார்கள். றவூப் இரண்டிலும் இல்லை. எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

காலை 7.40க்கு பெக்கோ இயந்திரம் மணலைத் தோண்டித் திறந்தது. வட்டுவாகல் பாலத்தில் நின்று நீர்மட்டத்தைக் குறித்தேன். பாலத்தின் அடிக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒன்பது அங்குலம். களப்பின் தண்ணீரெல்லாம் அதற்குள்ளால்தான் கடலுக்குப் போகவேண்டும். 8.05க்கு, களப்புப் பக்கம் இருநூறு யார் தூரத்தில், மஞ்சள் நிறம் தெரிந்தது.

அவர் எதிர்த்து வலித்தார். கயாக் பின்பக்கமாகவே வந்தது. நங்கூரக் கல்லைப் போட்டார். கல்லும் சேர்ந்து இழுபட்டது. எண்பது யார் தூரத்துக்கு வந்தபோது கத்தினேன்.

"தம்பி, அதை விட்டிட்டு இறங்கி நில்லுங்கோ."

"இறங்கினாச் செத்துப்போவன், ஐயா."

"நாலடி மூண்டங்குலம்தான். இன்னும் கிட்ட வந்தால் இழுவையில நிக்கேலாது."

"அளந்தனீங்களோ?"

"ஓம், அளந்தனான்."

ஒரு காலை இறக்கினார். உடனே உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு துடுப்பைச் சேற்றில் குத்திப் பிடித்தபடி சரிந்தார். தலை மறைந்தது. நான் ஏழுவரை எண்ணினேன். தலை வந்தது, தோள் வந்தது. தண்ணீர் நெஞ்சளவில் நின்றது.

கயாக் பாலத்தில் மோதிக் குறுக்கே திரும்பி, அடியில் செருகுப்பட்டது. ஒட்டுப்போட்ட அடிப்பாகம் பிளக்கும் சத்தம் கேட்டது.

துடுப்பை ஊன்றி ஊன்றிக் கரைசேர அவருக்கு இருபத்தாறு நிமிடம் எடுத்தது. நான் பாலத்தால் ஓடி இறங்கிப் போனபோது சேற்றில் குந்தியிருந்து வாந்தி எடுத்தார். நிமிர்ந்ததும் முதலில் கேட்டது:

"அந்த இடத்தை எப்ப அளந்தனீங்கள்?"

"ஆவணியில. பிறகு ஏறின வெள்ளத்தைக் கூட்டிச் சொன்னனான். அடிமண்ணை அரிச்சுக்கொண்டு போயிருந்தால் கணக்குப் பிழைச்சிருக்கும்."

"அப்ப நீங்களும் தெரியாமல்தான் சொன்னீங்கள்."

"ஓம்."

அவர் பாலத்தடித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். மஸீனா ஓட்டோவில் வந்து இறங்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.