முத்தமிடப் பயந்த அப்பா

எங்கள் அன்பு அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பு, அவரோடு அதிகம் வாய்காட்டிய மகளான எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால், "இவளுக்கு எழுதக் குடுத்தால் முடிக்கமாட்டாள்" என்றுதான் சொல்லியிருப்பார்.

பேசாலைக் கடற்கரைக் கிராமத்தில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்த அப்பா, பதினான்கு வயதிலேயே கடலுக்குப் போனார். யுத்தம் அவரை இராமேஸ்வரம் வரை துரத்தியது. திரும்பி வந்து, ஒரு வள்ளத்தோடு தொடங்கி எங்கள் மூவரையும் படிப்பித்தார். மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போய்விடும்.

கோயிலில் இரத்ததானம் செய்யப்போன இடத்தில்தான் ஹெபடைட்டிஸ் பி கிருமி தன் உடலில் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. அடுத்துச் செய்த பரிசோதனை, கிருமி அடங்கிக் கிடப்பதாகக் காட்டியது. மருந்தும் கொடுக்கவில்லை. அப்பா அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தனக்கெனத் தனிக் கோப்பை வைத்துக்கொண்டார். பெரிய வெள்ளியன்று எல்லோரும் முத்தமிடும் சிலுவையை முத்தி செய்யாமல், தலைவணங்கி விலகினார். என் மகன் பிறந்தபோதும் தொட்டிலுக்குத் தள்ளியே நின்றார்.

"உங்கட பேரன்தானே, ஒருக்கா முத்தம் குடுத்துக் கொஞ்சினால் குறைஞ்சு போவீங்களோ?" என்று சண்டை பிடித்தேன்.

"சும்மா இரு பிள்ளை" என்றார். நான் ஒரு கிழமை அவரோடு பேசவில்லை.

நான்கு வருடங்களுக்குப் பின் கண்கள் மஞ்சளித்து, வயிறு வீங்கியபோதுதான் என்னோடு கொழும்பு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கிருமி விஷயம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"இது உருமாறின கிருமி, ஐயா. அந்தப் பரிசோதனை தேடுற அடையாளத்தைக் காட்டாமல் உள்ளுக்குள்ள பெருகி, ஈரலைப் பழுதாக்கிப்போட்டுது" என்றார் டொக்டர்.

"அப்ப வலைக்கண்ணுக்குள்ளால போன மீன் எண்டுறீங்கள்" என்று அப்பா சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் பேரனைக் கொஞ்சினால் அவனுக்கும் வருமோ?" என்று கேட்டார். தன் உயிரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"கொஞ்சிறதாலயோ ஒண்டாச் சாப்பிடுறதாலயோ தொத்தாது. பிள்ளைக்குத் தடுப்பூசியும் போட்டிருக்கு. பயப்பிடாமல் கொஞ்சுங்கோ."

நான் அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன். எவ்வளவு பேசிவிட்டேன் அவரை!

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இஞ்ச வாடா ராசா" என்று பேரனைத் தூக்கினார். "தாத்தா, மீசை குத்துது!" என்று அவன் கத்தும்வரை விடவில்லை. மருந்து தொடங்கினாலும் ஈரல் தாங்கவில்லை. எட்டு மாதங்கள்தான் எங்களோடு இருந்தார்.

அவரைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், செபித்த பங்குத்தந்தை, தோள் கொடுத்த கடற்தொழிலாளர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. தொற்றிவிடும், சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சிலர் தடுத்தபோதும், பேரனுக்குப் பின்னால் வரிசையில் நின்று அப்பாவின் நெற்றியில் கொஞ்சிய ஒவ்வொருவரையும் நாங்கள் மறக்கமாட்டோம்.