ஆறு மீட்டர் பட்டத்தை நான் தரவில்லை

என் பேத்தி ரேவதி ஒரகடம் கம்பெனியில் வேலை செய்கிறாள். லீவு நாளில் கோவளம் கடலில், பெரிய பட்டம் இழுக்க, பலகை மேல் நின்று போவாள். பலகைக்கு அடியில் இறக்கை மாதிரி ஒன்று இருக்கிறது. வேகம் பிடித்தால் தண்ணீருக்கு மேலே எழும்பிவிடுவாள். எங்கள் வம்சத்தில் இப்படி ஒருத்தி உண்டா?

அவள் சம்பளத்துக்கு இரண்டு பட்டம்தான் கட்டுப்படியாகும். போன வருஷம் அவளுடைய சூப்பர்வைசர் குமார், தன்னுடைய பழைய ஒன்பது மீட்டர் பட்டத்தையும் பத்து மீட்டர் பட்டத்தையும் அவள் தலையில் கட்டினான். "எல்லா காத்துக்கும் இதுவே போதும்" என்றான்.

இரண்டும் ஒரே மாதிரி காற்றுக்குத்தான் ஆகும். காற்று பலமானால் சின்னப் பட்டம் வேண்டும். சீசன் முழுக்க பலத்த காற்று; என் பிள்ளை மணலில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் ஒன்பதை விற்று ஆறு மீட்டர் வாங்கினாள்.

இன்று காலை குமார் சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கே வந்தான்.

"ஆயா, நாளைக்குப் போட்டி. காத்து செமையா அடிக்குது. அந்த ஆறு மீட்டர குடுங்க ஆயா."

ரேவதிக்கு நாளை ஷிப்ட். பட்டம் சும்மாதான் கிடக்கும். அவள் எடுக்கப் போனாள். நான் மறித்துக்கொண்டேன்.

"பத்து மீட்டர் கீதுப்பா. எடுத்துகினு போ."

"இந்தக் காத்துல அது என்னைத் தூக்கி வீசிடும் ஆயா!"

"அப்போ மணல்ல குந்திகினு வேடிக்கை பாரு. எம்பேத்தியும் அப்படித்தான் பாத்தா."

போய்விட்டான்.

"திங்கக்கிழம கம்பெனி லைன்ல நான்தான் அவன் மூஞ்சில முழிக்கணும்" என்று ரேவதி கத்துகிறாள்.

நான் செய்தது தப்பா? கமெண்டில் சொல்லுங்கள். தப்பு என்றாலும், போட்டி முடிகிறவரை அந்த ஆறு மீட்டர் பட்டம் இருக்கும் பை என் கட்டிலுக்கு அடியில்தான்.